வாசகர் கேள்விகள்: எத்தனை என்பதைவிட எத்தனை ஆண்டுகள்

புகையிலையையும் புற்றுநோயையும் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். உடல்நலம் குறித்த கடிதங்கள் என்பதால் கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் தாத்தா இளவயதில் புகைக்கத் தொடங்கி எண்பத்தாறு வயது வரை நலமாக வாழ்ந்தார். எங்கள் உறவில் சிகரெட்டைத் தொட்டே அறியாத ஒரு பெண்மணிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. அப்படியிருக்க, புகையிலைதான் காரணம் என்று மருத்துவர்கள் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டுமே உண்மையாக நடக்கக்கூடியவை, இரண்டுமே மருத்துவம் சொல்வதற்கு முரணானவை அல்ல. புகைக்கும் ஒவ்வொருவருக்கும் புற்றுநோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீட்டின்படி, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து புகைக்கும் ஆண்களில் சுமார் 16 விழுக்காட்டினர் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் நிலையில் இருந்தார்கள். புகைக்காதவர்களில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரு நோயிலிருந்து தப்பிவிடுகிறார்கள், உங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவர். ஆனால் புகையிலை நுரையீரல் புற்றுநோயால் மட்டும் கொல்வதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுக்குழாய் அடைப்பு நோய் ஆகியவற்றையும், வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், இரைப்பை, கணையம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கருப்பை வாய் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், விடாமல் புகைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தப் பழக்கத்தாலேயே இறக்கிறார்கள். நீண்ட நாள் வாழ்ந்தவர் குடும்பத்தில் கண்முன் இருப்பதால் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறார். ஐம்பது வயதில் இறந்தவரைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. தனிமனிதர்களின் கதைகளை வைத்து இதை முடிவு செய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

காரணத்தை உறுதி செய்தது எண்ணிக்கைதான். 1950ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களையும் வேறு நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்களையும் ஒரே விதமான கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டு, நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடையே புகைப்பழக்கம் மிகுதி என்று கண்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரின் ஆய்வும் அதே முடிவைத் தந்தது. நோயாளிகளின் நினைவை நம்பிய ஆய்வுகள் போதாது என்று கருதிய டாலும் ஹில்லும், 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி அவர்களது புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து, அவர்களுள் 34,439 ஆண் மருத்துவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது ஆண்டு முடிவுகள் 2004இல் வெளிவந்தபோது, தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தது தெரிந்தது. உங்கள் தாத்தா புகைக்காமல் இருந்திருந்தால் எத்தனை வயது வரை வாழ்ந்திருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவரைப்போன்ற ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

புகைக்காத அந்தப் பெண்மணியைப் பொறுத்தவரை, நுரையீரல் புற்றுநோய்க்குப் பிறர் விடும் புகை, காற்று மாசு, நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு, சில மரபணுப் பிறழ்வுகள் எனப் பிற காரணங்களும் உண்டு. ஒரு நோய்க்குப் பல காரணங்கள் இருப்பதால் அவற்றில் மிகப் பெரிய காரணம் பொய்யாகிவிடாது.

கேள்வி: புகையிலையில் புற்றுநோயை உண்டாக்குவது எது? நிகோடின்தானே?

பதில்: பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியல்ல. இந்தத் தவறான எண்ணத்தால், பழக்கத்தை விடுவதற்காகத் தரப்படும் நிகோடின் மருந்துகளுக்கே பலர் அஞ்சுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். புகையை உள்ளிழுத்த பத்து இருபது விநாடிகளுக்குள் அது மூளையை எட்டி, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. அது இதயத் துடிப்பைக் கூட்டும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் வளரிளம் பருவத்தினரின் மூளைக்கும் கேடு செய்யும். ஆகவே தீங்கற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புற்றுநோயை உண்டாக்குபவை அதனோடு சேர்ந்து வரும் பிற பொருள்கள். எரியும் சிகரெட்டின் நுனியில், இழுக்கும் கணத்தில் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அந்த வெப்பத்தில் இலை சிதைந்து உண்டாகும் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்று அறியப்பட்டிருக்கிறது. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்செனிக், காட்மியம், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய அரோமாட்டிக் அமைன்கள், புகையிலை இலையில் சேரும் கதிரியக்கப் பொருளான பொலோனியம்-210 ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் மிக விரிவாக ஆராயப்பட்டவை இரண்டு வகை: ஒன்று, எந்தத் தாவரப் பொருள் அரைகுறையாக எரிந்தாலும் உண்டாகும் பென்சோபைரீன் போன்ற பொருள்கள், மற்றொன்று, புகையிலையைப் பதப்படுத்தும்போதே உருவாகும் நைட்ரோசமைன்கள்.

எரிபொருளின் கரிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு சிகரெட்டுக்கு மிக முந்தியே கண்டறியப்பட்டது. புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தவர்களுக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் வருவதை லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். அந்தத் தாரிலிருந்து பென்சோபைரீன் 1933இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இனி, அது உடலில் செய்வதைப் பார்ப்போம். பென்சோபைரீன் நேரடியாகத் தாக்குவதில்லை. அதை நீரில் கரையச் செய்து வெளியேற்ற நம் உடலின் நொதிகள் முயலும்போது, இடையில், மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வோடு இறுக ஒட்டிக்கொள்ளும் ஒரு வடிவத்தை அது அடைகிறது. ஒட்டிய இடத்தை உடல் பெரும்பாலும் சீர்செய்துவிடுகிறது. சீர்செய்யப்படாமல் போகும் இடத்தில், செல் பிரியும்போது அந்தச் செய்தியின் ஓர் எழுத்து மாறிப் பதிந்துவிடுகிறது, அந்த மாற்றம் அதன் வழிவந்த எல்லாச் செல்களுக்கும் செல்கிறது. செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காக்கும் பி53 என்ற மரபணுவில் பென்சோபைரீனின் விளைபொருள் எந்த இடங்களில் ஒட்டுகிறது என்பதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் பிறழ்வு மிகுந்து காணப்படும் இடங்களும் அவையே. அதுவரை மக்கள்தொகைக் கணக்கில் தெரிந்த உறவு, ஒற்றை மரபணுவின் அளவிலும் கண்ணுக்குப் புலப்பட்டது. என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான சான்றுகளுள் இது ஒன்று.

ஒரு பிறழ்வு மட்டும் புற்றுநோயாகிவிடாது. பல பிறழ்வுகள் ஒரே செல் வழியில் சேர வேண்டும். அதற்குப் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு நாளும் புகைப்பது அந்தச் சேர்க்கைக்குப் புதிய வாய்ப்புகளைத் தருகிறது.

கேள்வி: நான் நாள்தோறும் இரண்டு மூன்று சிகரெட்டுகள் மட்டுமே பிடிக்கிறேன், அதுவும் 'லைட்' வகை. இதில் பெரிய ஆபத்து இருக்காது அல்லவா?

பதில்: இருக்கிறது. இதயத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, நாள்தோறும் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு பிடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்துதான் என்று மனம் போடும் கணக்கு இதயத்துக்குப் பொருந்துவதில்லை.

புற்றுநோயில் அளவுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆண்டுகளுக்கு உள்ள பங்கு அதைவிடப் பெரிது. 15 ஆண்டு புகைத்தவருக்கு ஓராண்டில் நுரையீரல் புற்றுநோய் வரும் கூடுதல் ஆபத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டு புகைத்தவருக்கு அது சுமார் 20 ஆகவும், 45 ஆண்டு புகைத்தவருக்குச் சுமார் 100 ஆகவும் ஏறுகிறது என்று புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோ கணக்கிட்டுக் காட்டினார். காலம் மூன்று மடங்கானால் ஆபத்து நூறு மடங்காகிறது. ஆகவே குறைவாகப் பிடிக்கிறோம் என்ற ஆறுதலில் முப்பது ஆண்டுகள் தொடர்வது, நிறையப் பிடித்துச் சில ஆண்டுகளில் விட்டுவிடுவதைவிடக் கேடானதாக முடியலாம்.

'லைட்' என்ற பெயரில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த வகைகளின் வடிகட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. அளவிடும் இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே வெளிக்காற்று கலப்பதால், புகையிலுள்ள பிசுபிசுப்பான தார் குறைவாகப் பதிவாகிறது; மனிதர் பிடிக்கும்போதோ, விரல்களும் உதடுகளும் அந்தத் துளைகளை மூடிவிடுகின்றன. போதாத நிகோடினைப் பெறுவதற்காக அவர் அறியாமலே ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறார். ஆழமாக இழுக்கப்படும் புகை நுரையீரலின் ஓரப் பகுதிகள் வரை செல்கிறது. பல நாடுகள் இந்தப் பெயரை அட்டைப்பெட்டிகளில் அச்சிடவே தடை விதித்திருக்கின்றன.

கேள்வி: நான் புகைப்பதில்லை, புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது மட்டும்தான். புகையே இல்லாதபோது புற்றுநோய் எங்கிருந்து வரும்?

பதில்: மேலே சொன்ன நைட்ரோசமைன்கள் உருவாகத் தீ தேவையில்லை. இலையை உலர்த்தும்போதும் புளிக்க வைக்கும்போதும் சேமித்து வைக்கும்போதும் அவை உண்டாகிவிடுகின்றன. மெல்லும் புகையிலையில் குறைந்தது 28 புற்றுநோய்க் காரணிகள் இனங்காணப்பட்டிருக்கின்றன. புகைப்பவருக்கு நுரையீரலில் பரவுவது உங்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் தங்குகிறது. வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றில் இதனால் புற்றுநோய் வருவது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. புகையிலை கலவாத பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால், புகையிலையை மட்டும் விட்டுப் பாக்கைத் தொடர்வதும் பாதுகாப்பு ஆகாது. புகையிலையோடு மதுவும் சேர்ந்தால், வாய்ப் புற்றுநோயின் ஆபத்து அவ்விரண்டின் தனித்தனி ஆபத்துகளைக் கூட்டினால் வரும் அளவையும் தாண்டிவிடுகிறது.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியின் முன் நின்று, புகையிலை அடக்கும் இடத்தையும் நாக்கின் ஓரங்களையும் அடியையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெண்படலம், வெல்வெட் போன்ற செந்நிறத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், முன்போல வாயை அகலத் திறக்க முடியாமை, காரணமின்றி ஆடும் பல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெண்படலத்தைவிடச் செந்திட்டு ஆபத்தானது. வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாகக் கொள்ளாதீர்கள். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கேள்வி: என் கணவர் வீட்டுக்குள் சன்னல் ஓரமாக நின்றுதான் புகைக்கிறார். எனக்கும் குழந்தைக்கும் இதனால் கேடு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. ஜப்பானில் தக்கேஷி ஹிராயாமா புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, கணவர் எவ்வளவு மிகுதியாகப் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவியின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் கூடியதை 1981இல் வெளியிட்டார். பிறர் விடும் புகையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டு முகமை பின்னர் உறுதி செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் புகையிலையால் இறக்கும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பத்து இலட்சத்துக்கும் மேலானவர்கள் புகைக்காதவர்கள். குழந்தைக்கு ஆஸ்துமா, காது நோய்த்தொற்று, மார்புச் சளி ஆகியவை கூடுதலாக வரும். பச்சிளங் குழந்தை உறக்கத்திலேயே திடீரென இறக்கும் ஆபத்தும் மிகும். சன்னலைத் திறப்பதும் குளிர்சாதனத்தை ஓடவிடுவதும் புகையைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யுமே தவிர அகற்றிவிடுவதில்லை. சுவரிலும் திரைச்சீலையிலும் படியும் நிகோடின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்களாக மாறுவதையும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் வாகனத்துக்குள்ளும் ஒருபோதும் இல்லை என்பதில் நீங்கள் உறுதியாக நிற்பது நியாயமானது. இந்தக் கேள்வியையும் விடையையும் அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் ஒரே பட்டியலில் இருப்பதாகப் படித்தேன். இரண்டும் ஒரே அளவு ஆபத்தா?

பதில்: இல்லை. அது மேலே சொன்ன பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியல். அதன் முதல் தொகுதி, 'இப்பொருள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு' என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு வலிமையாக உண்டாக்கும் என்பதைச் சொல்வதில்லை. பதப்படுத்திய இறைச்சி 2015இல் அதில் சேர்ந்தது. அதை நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோயின் ஆபத்தைச் சுமார் 18 விழுக்காடு கூட்டுகிறது. நெடுங்காலம் புகைப்பதோ நுரையீரல் புற்றுநோயின் ஆபத்தைப் பதினைந்து மடங்குக்கும் மேல் கூட்டுகிறது. 'எல்லாமேதான் புற்றுநோய் தருகிறது, எதை விடுவது' என்று சலித்துக்கொண்டு சிகரெட்டைப் பற்றவைப்பவர்களை எண்ணியே இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறேன்.

கேள்வி: வைட்டமின் மாத்திரைகள் எடுத்துக்கொண்டால் புகையின் கேட்டை ஈடுகட்ட முடியுமா?

பதில்: முடியாது, கேடு கூடவும் செய்யலாம். ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகப் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்திருந்தார்கள்; மாறாக அது 18 விழுக்காடு கூடியிருந்தது. பின்னர் அமெரிக்காவில் நடந்த இதையொத்த ஆய்வும் இதே காரணத்தால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. புகைப்பவர்கள் இந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபது வயதிலிருந்து புகைக்கிறேன். பலமுறை விட முயன்று தோற்றிருக்கிறேன். இனிமேல் விட்டு என்ன பயன் என்று தோன்றுகிறது.

பதில்: பயன் உண்டு, அது எவ்வளவு என்பதையும் சொல்ல முடியும். முதல் விடையில் சொன்ன 16 விழுக்காடு, 60 வயதில் விட்டவர்களுக்கு 10 ஆகவும், 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆகவும், 40இல் விட்டவர்களுக்கு 3 ஆகவும், 30இல் விட்டவர்களுக்கு 2 ஆகவும் குறைந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்களின் ஆய்வில் அறுபது வயதில் விட்டவர்கள்கூடச் சராசரியாக மூன்று ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றார்கள். ஏற்கெனவே நேர்ந்த பிறழ்வுகள் எல்லாம் மறைந்துவிடுவதில்லை என்றாலும் புதியவை சேர்வது நின்றுவிடுகிறது. ஆபத்து மிக வேகமாக ஏறும் ஆண்டுகள் உங்களுக்கு இனிமேல்தான் வரவிருக்கின்றன என்பதால் இந்த வயதில் விடுவது வீணாகாது. இதயம் இன்னும் விரைவாகப் பயன்பெறும்: இரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாள்களில் இயல்பு நிலைக்கு வந்துவிடும், ஓராண்டுக்குள் இதயநோயின் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும்.

முன்பு தோற்றதை உங்கள் மன உறுதியின் குறையாகக் கொள்ளாதீர்கள். துணையின்றி வெறும் உறுதியால் விட முயல்பவர்களில் பெரும்பாலோர் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள்; ஆலோசனையும் மருந்தும் சேரும்போது வெற்றி வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், மிகுபசி ஆகியவை முதல் வாரத்தில் கடுமையாக இருந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். திடீரென எழும் வேட்கை சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களில் எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் உதவும்.

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை நாள் முழுவதும் சீரான அளவைத் தரும், வேட்கை எழும்போது நிகோடின் சூயிங்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சூயிங்கத்தை மிட்டாய்போல விடாமல் மெல்லக் கூடாது. காரச் சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, சுவை அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். விடாமல் மென்று விழுங்குவதால் நெஞ்செரிச்சலும் விக்கலும் வந்து, மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். வாரெனிக்லின், பூப்ரோபியான் ஆகிய மாத்திரைகளும் உண்டு. சிறுநீரகக் குறைபாடு, வலிப்பு நோய் ஆகியவை இருந்தால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். வேறு மருந்துகள் எடுப்பவர்கள் புகைப்பதை நிறுத்தும் செய்தியை மருத்துவரிடம் தெரிவிப்பது மிக அவசியம். புகையிலுள்ள பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுவதால், நிறுத்தியதும் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான க்ளோசபின் போன்ற மருந்துகள் உடலில் மிகுதியாகத் தங்கும். காபியிலுள்ள காஃபீனும் அவ்வாறே தங்குவதால், வழக்கமான அளவு காபியே படபடப்பைத் தரலாம். அதை நிகோடின் இல்லாத ஏக்கம் என்று எண்ணி மீண்டும் பற்றவைத்துவிடாமல், காபியைப் பாதியாகக் குறையுங்கள்.

நுரையீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவும், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் பரிசோதனை உங்கள் வயதுக்கும் புகைத்த ஆண்டுகளுக்கும் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தவர்களிடம் ஆண்டுதோறும் இதைச் செய்தபோது, மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்ததை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சளியில் இரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல் அல்லது இருமல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருந்தால் அந்தப் பரிசோதனைக்கான நாள் வரும் வரை காத்திருக்காமல் உடனே செல்லுங்கள்.